விண்டோஸிடம் கேட்டிருக்கலாம்

8 ஜூன் 2010, செவ்வாய்

மூன்றாவது நாளாக அதே பிழை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தளம் உலாவியில் திறக்கிறது. முடிவுகளை அங்கிருந்து எடுத்துவரும் என் ஜாவா நிரல் மட்டும் அதன் அடையாளச் சான்றிதழை நம்ப மாட்டேன் என்று முறுக்கிக்கொள்கிறது. பாரிஸ் புறநகர் பொபினியில் இருக்கும் டாக்டருக்கு நிரல் நாளையே வேண்டும் என்கிறார் முதலாளி எமில். மாதக் கடைசியில் என் ப்ரொபேஷன் வேறு முடிகிறது.

9 ஜூன்

எந்தச் சான்றிதழ் வந்தாலும் நம்பு என்று நாலு வரி எழுதினேன். ஓடுகிறது. டாக்டரின் கணினியில் போட்டும் ஆயிற்று. அப்பாடா.

11 ஜூன், வெள்ளி

பக்கத்து மேசை பேர்ளி என் நிரலைப் படித்துவிட்டாள். மன்னார்க் குடும்பம், இன்னொரு புறநகரான சார்செல்லில் வளர்ந்தவள். குரலை உயர்த்தவேயில்லை.

"அருண், இனி ஆர் வந்து நான்தான் லாப் எண்டாலும் உங்கடை புரோகிராம் நம்பும். ரிசல்ட்டை மாத்தி அனுப்பினாலும் நம்பும்."

சுருக்கென்றது. பெரிய இவள் என்று மனசுக்குள் திட்டினேன். அவள் பாட்டுக்கு விளக்கினாள். நம்பத்தக்க சான்றிதழ்களுக்கு ஜாவா தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. கூடத்தின் சான்றிதழோ விண்டோஸின் சேமிப்பில் இருக்கிறது. உலாவி அங்கே பார்க்கிறது, நாம் பார்ப்பதில்லை.

"விண்டோஸிட்டையே கேளுங்கோவன்."

ஜாவாவின் பாதுகாப்பு நூலகத்தில் 'விண்டோஸ்-ரூட்' என்ற பெயரைக் கொடுத்தால் போதும். கோப்பு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். என்ன அழகாகச் செய்து வைத்திருக்கிறார்கள்! இதுகூடத் தெரியாமல் நாலு வருஷமாக ஜாவா, ஜாவா என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் கணினியில் ஓடவில்லை. 64 பிட் ஜாவாவில் அந்த வசதி இன்னும் வரவில்லையாம், 32 பிட்டைப் போடச் சொன்னாள். ஓடியது. எப்படித்தான் தெரியும் இவளுக்கு? ஜாவாவின் மூல நிரலையே ரயிலில் உட்கார்ந்து படிக்கிறாளாம்!

14 ஜூன், திங்கள்

அந்த நாலு வரியைப் பற்றி எமிலிடம் சொல்லிவிட்டேன். ப்ரொபேஷன் போனால் போகட்டும் என்று நினைத்தேன் — பொய். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன்.

பேர்ளி நாற்காலியைத் திருப்பினாள். தனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும், அன்றே சொல்லாதது தன் தவறு என்று நிதானமாகப் பிரெஞ்சில் சொன்னாள்.

மத்தியானம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல்லில் தோசைக்கு நிற்கும்போதுதான் தெரிந்தது, அவளுடைய ஒப்பந்தமும் இந்த மாதக் கடைசியில்தான் முடிகிறது. ஐயோ, என்ன பெண் இவள்!

மாலையே பொபினி போய்ப் பழைய நிரலை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டோம்.

30 ஜூன், புதன்

கடிதங்கள் வந்தன. எனக்கு இன்னும் மூன்று மாதம் ப்ரொபேஷன். அவளுக்கு நிரந்தரம், இனி அவள் படிக்காமல் எந்த நிரலும் வெளியே போகாது.

பொறாமை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இன்று எழுதிய நிரலை முதல் ஆளாக அவளுக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்தேன்.