காலி வண்டியின் எடை

மார்ச் 6

அன்புள்ள முள்ளுக்கு,

நான் நலம். நீயும் உன் லாரி எடைமேடையும் நலமா?

உன் அறையில் போன் எடுக்காது. எடுத்தாலும் குவாரியில் கல் உடைக்கிற சத்தத்தில் நான் சொல்வது பாதிதான் காதில் விழும். இது பாதி மட்டும் விழக்கூடிய விஷயம் இல்லை. அதனால் எழுதி, என் லாரியை இப்போது ஓட்டுகிற புது ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். வாரம் ஒருமுறை என் தங்கை வீட்டு வழியாகத்தான் லோடு கொண்டுபோகிறான்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்திக்கொள்கிறேன். முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு லீவு எடுத்தேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வெட்டியது வயிற்றை. இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்து வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. பதினெட்டு கிலோ இறங்கியிருக்கிறேன்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். சொல்லியிருந்தால் நீ கேட்கும் முதல் கேள்வி, "அப்போ மத்தியானச் சாப்பாடு?" என்பதுதான். பதினோரு வருடமாக ஒரே கேரியரில் சாப்பிட்டவர்கள் நாம், கடைசி ஏழு வருடம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மறைத்தேன்.

மற்றபடி, வாடகைக்குப் புது வீட்டுக்கு வந்தவன்போல இந்த உடம்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்று தெரியவில்லை. தங்கை மகளுடைய பழைய குட்டிக் கரண்டியில் சாப்பிடுகிறேன். ஒரு முட்டைக்கு இருபத்தைந்து நிமிடம். தங்கை எதிரில் கடிகாரத்தோடு நிற்கிறாள். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகாமல் தண்ணீர் தொடக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், வயிறு நிறைந்ததும் எனக்கு மூக்கு ஒழுகுகிறது. டாக்டரிடம் கேட்டேன். "சில பேருக்கு அப்படித்தாங்க. மூக்கு ஒழுகினா கரண்டியைக் கீழ வெச்சிடுங்க" என்றார். இத்தனை வருடம் ஏப்பத்துக்கே நிறுத்தாதவன், இப்போது மூக்குக்கு நிறுத்துகிறேன்.

பதில் எழுது. திட்டி எழுதினாலும் சரி.

உன்,
ஃபுல் லோடு


மார்ச் 15

அன்புள்ள ஃபுல் லோடு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் மானம் போன கதையைக் கேள்.

மாதம் பிறந்தால் எல்லா வண்டியையும் காலியாக ஏற்றி எடை போடுவேன் அல்லவா? போன மாதம் ஓட்ட ஆளில்லாமல் நின்ற உன் வண்டி இந்த மாதம் வந்தது. புது ஆள் சட்டப்படி இறங்கி, மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய்க் கைகட்டி நின்றான். மேடை காட்டியது பத்தாயிரம். நோட்டில் இருப்பது பத்தாயிரத்து நூற்று அறுபது. நூற்று அறுபது கிலோவைக் காணோம்.

ஸ்டெப்னி டயர், ஜாக்கி, டூல் பெட்டி மூன்றையும் சேர்த்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "ஸ்டெப்னியை எங்கேடா வித்தே?" என்று கேட்டேன். பாவம், அவன் அழாத குறை. "அண்ணே, வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்கண்ணே." குனிந்தேன். ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இருந்தது. டூல் பெட்டியைத் திறந்து ஸ்பேனர்களைக்கூட எண்ணினேன். எல்லாம் இருந்தது. எழுந்து நின்றபோதுதான் உறைத்தது. முழங்கால் வலி என்று ஏழு வருடமாக உன்னை இறங்கவிடாமல், உன்னோடு சேர்த்தேதான் வண்டியை எடை போட்டிருக்கிறேன். காணாமல் போனது நீ.

அவனிடம் மன்னிப்புக் கேட்டு, என் கேரியரிலிருந்து பாதியை எடுத்துக் கொடுத்தேன். இன்னமும் இரண்டு பேருக்குத்தான் சமைத்துக்கொண்டு வருகிறேன். கை குறைக்க மாட்டேன் என்கிறது. மற்ற நாட்களில் உன் பங்கையும் நானே தீர்த்துவிடுகிறேன். பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டாகிவிட்டது. நீ இறக்குவதை நான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, உன் எடை நூற்று அறுபது. என்னிடம் "நூத்தி முப்பது இருக்கும்" என்று சொன்னவன் நீ. அதையும் சேர்த்துத் திட்டுகிறேன், வாங்கிக்கொள்.

தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. பசியே எடுக்காதா? இருபத்தைந்து நிமிடம் ஒரு முட்டையோடு என்ன பேசுவாய்? வெட்டி எடுத்ததை என்ன செய்தார்கள், உன்னிடம் காட்டினார்களா? வண்டி சீட்டில் உன் பள்ளம் அப்படியே இருக்கிறது. புது ஆள் அதில் இரண்டு தலையணை போட்டுத்தான் ரோட்டைப் பார்க்கிறான்.

சீக்கிரம் வா. ஒன்றும் மாறாது. நீ இறங்கவே வேண்டாம். வழக்கம்போல ரசீதையும் சாப்பாட்டையும் நானே வண்டிக்குக் கொண்டுவருகிறேன்.

உன்,
முள்


ஏப்ரல் 12

அன்புள்ள முள்ளுக்கு,

ஸ்டெப்னி கதையைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

வெட்டியதை என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்டேன். "பார்த்து என்ன செய்யப் போறீங்க?" என்றார்கள். முட்டையோடு ஒன்றும் பேசுவதில்லை. மென்றதை எண்ணுகிறேன், ஒரு வாய்க்கு முப்பது. பசி எடுப்பதில்லை, ஆனால் ஆசை போகவில்லை. போன வாரம் கை தன் பழைய வேகத்துக்குப் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு வண்டி எடுத்துப் பழகிய கை அல்லவா? நாலே வாய்தான். நெஞ்சில் கல்லை வைத்ததுபோல அடைத்து, வேர்த்துக் கொட்டி, குளியலறைத் தரையில் ஒரு மணி நேரம் கிடந்தேன். சீப்பில் முடி கொத்தாக வருகிறது. வெயிலிலும் குளிர்கிறது. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு.

நல்லதும் இருக்கிறது. பரிசோதனைக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பஸ்ஸில் வேறு இடம் காலியாக இருந்தது. எத்தனையோ வருடமாக என் பக்கத்தில் யாரும் தானாக வந்து உட்கார்ந்ததில்லை. அவர் இறங்கும்வரை நான் அசையவே இல்லை.

புது ஆள் வந்தபோது நம் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு ஜாண் இடம். குனிந்தால் க்ளட்ச் தெரிகிறது. இத்தனை வருடம் காலால் மட்டுமே பழக்கப்பட்ட க்ளட்சை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கீழே இறங்கினேன், மறுபடி ஏறினேன், மறுபடி இறங்கினேன். புது ஆள், "அண்ணே, ஏதாச்சும் விட்டுட்டீங்களா?" என்று கேட்டான்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. "நீ இறங்கவே வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். ஏழு வருடமாக அதைத்தான் சொல்கிறாய். பிரியத்தில் சொல்கிறாய், தெரியும். ஆனால் எனக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? "இவனால் முடியாது" என்று கேட்டது. மற்ற டிரைவர்களெல்லாம் கோட்டுக்கு வெளியே கூடி நின்று வம்பளப்பார்கள். நான் மட்டும் சரக்கோடு சரக்காக மேடைமேல் உட்கார்ந்திருப்பேன். உன் அறைக்கு ஏழு படி. ஏழு வருடமாக அதை உள்ளே வந்து பார்த்ததில்லை.

இருபது கிலோ வித்தியாசம் வந்தால் லாரியையே திருப்பி அனுப்புகிறவன் நீ; தராசு முள் என்று உனக்குப் பேர் வந்ததே அதனால்தான். உன் கண்ணெதிரில் நான் நூற்று அறுபதுக்குப் போனேன். உன் மேடை அசையவே இல்லையா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், "என்னடா இது?" என்று நீ கேட்டிருக்கலாம். உன்னைத் தவிர கேட்க எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

உன்,
ஃபுல் லோடு


மே 20

அன்புள்ள முள்ளுக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. புது ஆள் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வருகிறான். "அவர் ஒண்ணும் குடுக்கலண்ணே. பழைய நோட்டையெல்லாம் எடுத்து வெச்சுப் புரட்டிட்டு இருக்காரு" என்கிறான். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அந்தக் கடிதத்தை அனுப்பிய மறுநாளே திரும்ப வாங்கிவிடலாமா என்று தோன்றியது. தின்றது என் வாய். அதற்கு உன்னைக் கேட்டது நியாயம் இல்லை. ஆனால் எழுதியது எதையும் அடிக்க மனம் வரவில்லை. அது மனதில் இருந்ததுதான்.

இரைப்பையைச் சின்னதாக்கினால் நடுவில் இவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒரு சாப்பாடு முடிந்தால் அடுத்த சாப்பாட்டை நினைத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிடுவேன். இப்போது அந்த இடத்தில் என்னத்தை நினைப்பது என்று தெரியவில்லை. உன்னோடு சாப்பிட்டது எனக்குப் பிடித்திருந்ததா, உன்னோடு இருந்தது பிடித்திருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். சாப்பாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நீ மிச்சம் இருக்கிறாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். ஜூன் பதினைந்தாம் தேதி காலை முதல் லோடு என்னுடையது. நீ பேசாவிட்டால் கோட்டுக்கு வெளியே நின்று ரசீதை வாங்கிக்கொண்டு போய்விடுவேன். வேறு குவாரிக்கு மாற்றிக் கேட்கவும் தயங்க மாட்டேன். ஆனால் அப்படி ஆகக்கூடாது என்றுதான் ஆசை.

உன்,
(இனி என்ன பேர் போட்டுக்கொள்வது என்று தெரியவில்லை)


ஜூன் 11

அன்புள்ள நண்பனுக்கு,

கோபம் இல்லை. பதில் தேடிக்கொண்டிருந்தேன். நீ கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. மேடை அசையவே இல்லையா என்று கேட்டாய். என் தொழிலுக்கே கேட்ட கேள்வி அது. அதனால் நோட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அசைந்தது. மூன்று முறை அசைந்தது. நீ இறங்காமல் இருந்த முதல் மாதம், உன்னோடு சேர்த்துப் பத்தாயிரத்து நூறு. இரண்டு வருடம் கழித்து நூற்று இருபது. அதன் பிறகு நூற்று நாற்பது. போன வருடம் நூற்று அறுபது. காலி வண்டியின் எடை ஏறினால் ஏன் ஏறியது என்று குறிப்புக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். மூன்று இடத்திலும் என் கையெழுத்தில் ஒரே வார்த்தை எழுதியிருக்கிறது. "சேறு."

சேறு இல்லை என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு முறை எழுதியது கோடையில். ஒரு சொட்டு மழை இல்லாத மாதம்.

ஏன் எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உண்மையை எழுதினால் உன்னிடம் சொல்ல வேண்டும். சொன்னால் நீ சாப்பாட்டைக் குறைப்பாய். குறைத்தால் ஒரு நாள் சாப்பிட வராமலே இருந்துவிடுவாய். வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடையாது. ஒரு நாளில் எனக்கு இருந்தது அந்த ஐந்து நிமிடம். அதைக் காப்பாற்றிக்கொள்ள உன்னை மேடைமேலேயே உட்கார வைத்துவிட்டேன். ஸ்டெப்னியைத் தேடியதும் அப்படித்தான். நூற்று அறுபது குறைந்தால் அது நீ என்று தெரியாதவனா நான்? ஸ்டெப்னியாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. ஸ்டெப்னி என்றால் வேறு வாங்கிப் போட்டுவிடலாம். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

மூன்று "சேறு"களையும் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் என் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேனேஜர் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த இரண்டு மாதத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். ஒரு வாய்க்கு முப்பது முறை மென்று, இருபத்தைந்து நிமிடம் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் தாடை வலித்தது. பதினாலாவது நிமிடத்தில் வெளியே இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். நான் சமைப்பதில் உப்பு அதிகம். பதினோரு வருடமாக நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆக, நோட்டில் பொய் எழுதியவன் நான் மட்டும் இல்லை.

உனக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் வாங்கி வைத்திருக்கிறேன். முட்டை ஒன்று கொள்ளும். நாற்காலியும் துடைத்தாயிற்று.

பதினைந்தாம் தேதி வா. மேடையில் ஏற்றி, பிரேக் போட்டு, இறங்கு. நான் கீழே வர மாட்டேன், கை கொடுக்கவும் மாட்டேன். சட்டப்படி வண்டியைத் தனியாக எடை போடுகிறேன். பிறகு வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, எனக்காக ஒரு நிமிடம் மேடைமேல் நீ மட்டும் தனியாக நில். அறுபது டன் தாங்குகிற மேடை அது, ஓர் ஆளைத் தனியாகக் காட்டுமா என்று எனக்கே தெரியாது. பார்க்க ஆசையாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்து உரக்கப் படிப்பேன். அப்புறம் ஏழு படி ஏறி மேலே வந்து நோட்டைப் பார்.

என்ன எண் வருகிறதோ அதைத்தான் எழுதுவேன்.

உன்,
முள்