சித்தன்னவாசல் போய்வந்த ஞாயிறு

24-2-1957, ஞாயிறு.

கல்யாணமான மறு மாதமே பினாங்குக்குக் கப்பலேறிய என் வீட்டுக்காரர், ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் விடுமுறையில் வந்திருக்கிறார். இன்று என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போனார்.

பாறை நிழலில் புளிச்சோற்றைப் பிரித்து வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் கையை நிறுத்திவிட்டார்.

"ஒங்கிட்ட மறைக்க முடியல. அங்கிட்டு எனக்கு ஒரு குடும்பம் இருக்கு. மூணு வயசுல ஒரு பையன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. "பேரு என்ன வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பா பேருதான்."

எங்களுக்கு மகன் பிறந்தால் வைப்பதாக அவர் சொல்லியிருந்த பெயர் அது. மாமனார் பெயர் என்பதால் நான் வாய்விட்டு ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

மீதிச் சோற்றை அவர் சாப்பிட்டு முடித்தார். நான் தூக்குச் சட்டியைக் கழுவினேன். திரும்பும்போது எதிர்க்காற்று. ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"எறங்கி நடக்கவாங்க?"

"வேணாம், ஒக்காரு."

திருக்கோகர்ணத்தில் வீட்டு வாசலிலேயே மாமியார், "நல்லா சுத்திப் பாத்தீங்களா ஆத்தா?" என்று கேட்டார். பார்த்தோம் என்றேன்.

வியாழக்கிழமை அவருக்குக் கப்பல். நாகப்பட்டினம் வரை வழியனுப்ப வருகிறாயா என்று படுக்கும்முன் கேட்டார். சரி என்றேன். ஏன் சொன்னேனென்று தெரியவில்லை. அந்தப் பையனுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமோ? முறுக்கென்றால் கப்பலில் ஒரு வாரம் தாங்கும். காலையில் அரிசி ஊறவைக்க வேண்டும்.