முக்குத் திரும்பியதும் ஒரு ஹாரன்

கண்மாய்க்குள் எனக்கு எதிரே வந்து நின்ற என் அம்மாவுக்கு,

கியர் வண்டி வாங்கிவிட்டேன் அம்மா. நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்பு நிறம். சீட்டு கொஞ்சம் உயரம், இரண்டு காலையும் ஊன்றினால் விரல் நுனிதான் தரையில் படுகிறது. நீ பார்த்திருந்தால், ஐயனார் கோயில் குதிரை மாதிரி நிற்கிறதே, இதில் நீ எப்படி ஏறுவாய் என்று கேட்டிருப்பாய்.

லேபில் என்னை இப்போது ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துவர அனுப்புகிறார்கள். நடக்க முடியாதவர்கள், சர்க்கரை நோய்க்காரர்கள், பஸ் ஏறி டவுனுக்கு வர ஆளில்லாதவர்கள். வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி உள்ளே போனால் பாதி ரோடு தார் போடாத கப்பிக்கல்தான். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஏற மாட்டேன் என்கிறது. அதனால்தான் இது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பழைய ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேனே, அந்த நாளைப் பற்றி. அன்றைக்கு நீயும் அங்கேதான் இருந்தாய். இருந்தாலும் உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைத் தனியாக எழுதி உன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றது தெருவே பார்க்கத்தான். ஆகவே இதையும் நாலு பேர் படிக்கட்டும்.

அந்தக் கோடையில் கண்மாய் தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பெரியம்மா மகள் வசந்தி அக்காவின் பழைய ஸ்கூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் நாம் இருவரும் அங்கே போவோம். நடு ஊரில் ஓட்டிப் பழக எனக்குக் கூச்சம். நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடி வந்தாய். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் நீ. எனக்கு வண்டி பழக்கினாய்.

நாலாம் நாள் கம்பியை விட்டுவிட்டு நீ எதிரே போய் நின்றுகொண்டாய். ஐம்பது அடி தூரம் இருக்கும். "அங்கிட்டு இங்கிட்டுப் பாக்காத. என்னையப் பாத்து வா. எங்கிட்ட வந்து நிப்பாட்டு" என்றாய். நான் வந்தேன். உன் கால் விரலுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. மறுபடி அந்தக் கோடிக்குப் போய் நின்றாய். மறுபடி வந்தேன். எத்தனை தடவை அம்மா? ஒவ்வொரு தடவையும் நீ எனக்கு எதிரேதான் நின்றாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு தடவை மட்டும் பயத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டேன். வண்டி சீறிக்கொண்டு உன்னைத் தாண்டி ஓடியது. நீ சட்டென்று ஒதுங்கிக்கொண்டு, "முறுக்காதடி, முறுக்காத" என்று கத்தினாய். பிறகு கருவேல நிழலில் உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினேன். டவுனில் அந்த லேபில் வேலை கிடைத்தது. சாப்பிடாமல் வந்து ரத்தம் கொடுப்பவர்கள் விடிந்ததுமே வந்துவிடுவார்கள் என்பதால் ஏழு மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும். நம் ஊருக்கு முதல் பஸ் வருவதே ஏழேகாலுக்கு. அப்படித்தான் நம் வீட்டுக்குப் புது ஸ்கூட்டர் வந்தது. நம் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள், முதலில் மாதச் சம்பளத்துக்குப் போகிறவள் என்று பெரியம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். வேலைக்குக் கிளம்பிய முதல் காலையில் பக்கத்து வீடுகளெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. பெரியம்மாதான் வண்டிக்குக் குங்குமம் வைத்தார், சூடம் காட்டினார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அப்பா போனதிலிருந்து இப்படிப்பட்ட நேரத்தில் நீ பின்னால் நின்றுகொள்வது வழக்கம். அன்றைக்கும் மாட்டுக் கொட்டகைப் பக்கம்தான் நின்றாய்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி கிளம்பியது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பிலேயே என் கை வேர்த்துவிட்டது. அப்போதுதான் நீ டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஓடி வந்தாய். நான் மறந்து வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். கண்மாயில் நிற்பது போலவே எனக்கு நேர் எதிரே வந்து நின்றாய். எனக்குச் சந்தோஷம்தான் அம்மா. அது உண்மை. உன் முன்னால் அழகாக நிறுத்திக் காட்டுகிறேன் என்று நினைத்தேன்.

பிரேக்கைப் பிடிக்கவில்லை. முறுக்கிவிட்டேன்.

வண்டி பெரியப்பாவின் வைக்கோல் போரில் முட்டிச் சாய்ந்தது. முழங்கால் தேய்ந்தது, முன்பக்க மூடி உடைந்தது, அவ்வளவுதான். பெரியம்மா ஓடி வந்து என்னைத் தூக்கியபடியே உன்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல காரியத்துக்குப் போற புள்ளைக்கு முன்னால வெறும் நெத்தியோட வந்து நிக்கிறியே. ஒனக்கா தோண வேணாமா?"

நீ டிபன் பாக்ஸைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முறுக்கிவிட்டேன் என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், காலேஜ் வரைக்கும் படித்தவளுக்கு வண்டியை நிறுத்தத் தெரியவில்லை என்று அத்தனை பேரும் சிரிப்பார்களே. நான் குனிந்து முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன்.

அதோடு விட்டேனா? அன்று சாயங்காலம் நான்தானே வந்து சொன்னேன், "நாளைலேர்ந்து நான் கெளம்பறப்ப நீ கொஞ்சம் கொல்லப்பக்கம் இரும்மா" என்று. நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாய். உன் குரலில் கோபம் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

காலேஜில் படிக்கும்போது மகளிர் தினத்துக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். கணவனை இழந்த பெண்களை நல்ல காரியங்களில் ஒதுக்கி வைக்கும் கொடுமையைப் பற்றி எழுதி முதல் பரிசு வாங்கினேன். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நீதான் ஆணி அடித்து மாட்டினாய். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தினமும் ஆறேகால் ஆனதும் நீ எழுந்து கொல்லைப்புறம் போனாய்.

ஹாரன் உன்னுடைய யோசனை. எப்போது வெளியே வரலாம் என்று உனக்குத் தெரிய வேண்டுமே. "புளியமரத்து முக்குத் திரும்பினதும் ஒரு ஆரன் அடிச்சிரு. நான் வந்துக்கிறேன்" என்றாய். நான் ரோட்டில் ஹாரனே அடிக்காதவள். யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்று கூச்சம். மாடு வழிமறித்து நின்றால்கூட அது தானாக நகரும்வரை காத்திருப்பேன். அது தெரிந்து ஒரு நாள் நீ சிரித்தாய்: "மாட்டுக்கு அடிக்க மாட்டேங்கிற, பெத்தவளுக்கு மட்டும் அடிக்கிற." நானும் சிரித்தேன். எப்படி அம்மா சிரித்தேன்?

ஒரு நாள் முக்கில் டீக்கடை வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று ஹாரன் அடிக்காமல் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது நீ ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மாதான் சொன்னார், அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை தெரு வரைக்கும் வந்ததாம், நீ கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தாயாம். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன். "ஆரன் கேக்கலயே. வண்டி கெளம்பலையாக்கும்னு இருந்துட்டேன்" என்றாய்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குள் எனக்கு வண்டி நன்றாகப் பழகிவிட்டது. டவுன் நெரிசலில்கூடத் தயங்காமல் போய்வந்தேன். விழாமல் போய்வருவதற்கு நீ எதிரே வராததுதான் காரணமோ என்று என் மனதின் ஒரு மூலை நம்பவும் ஆரம்பித்திருந்தது. கைவிட்டுப் போயிருந்த தைரியத்தை நான் அப்படித்தான் திரும்பச் சேர்த்தேன். உன்னைத் தினமும் கொல்லையில் நிறுத்திவைத்துச் சேர்த்தேன்.

போன ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எழ முடியாமல் வாசலைப் பார்த்த கட்டிலில் படுத்திருந்தாய். நான் லீவு சொல்லிவிட்டு, டாக்டர் எழுதிய மருந்தை வாங்கிவர வண்டிச் சாவியை எடுத்தேன். சாவிச் சத்தம் கேட்டதும் நீ கஷ்டப்பட்டுப் புரண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் உன் முதுகைப் பார்த்தபடி நின்றேன். பிறகு கிளம்பினேன். முக்கில் ஹாரன் அடித்தேன். பத்தே நாளில் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகும் அந்த முக்கில் தினமும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டில் யாரும் இல்லை.

இப்போது இருக்கிறார்கள். உன் தங்கை, என் சித்தி. சித்தப்பாவும் நாலு மாதத்துக்கு முன் தவறிவிட்டார் அம்மா. பிள்ளை இல்லாத வீட்டில் தனியாக எதற்கு என்று இங்கே அழைத்து வந்துவிட்டேன். பக்கவாட்டில் பார்த்தால் அப்படியே உன் முகம். வந்த மறுநாள் காலை நான் கிளம்பும்போது சித்தியைக் காணவில்லை. தேடினால் கொல்லையில் அதே கல்லில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீ போய்ட்டு வா ஆத்தா, நான் இங்கிட்டு இருக்கேன்" என்றார். அன்றைக்கும் பேசாமல்தான் போனேன். கூச்சம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். இதன் பெயர் வேறு.

நேற்றுப் புது வண்டி வந்தது. பெரியம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார். அக்கம்பக்கமும் வந்துவிட்டது. சித்தி கொட்டகைப் பக்கம் நகர்ந்தார். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். சாவியைக் கொடுத்து, நீங்களே போட்டுத் திருப்புங்க சித்தி என்றேன்.

"வேணாம் தாயி. புது வண்டி. எங்கையால எதுக்கு?" என்று கையை இழுத்துக்கொண்டார். பெரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் விடவில்லை. சித்தி சாவியைத் திருப்பியதும் அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கே விளங்கியது, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று. கியர் வண்டி எனக்குப் புதிது. பள்ளிக்கூட மைதானத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை ஓட்டியதுதான் பழக்கம். நான் விழுந்தால் பழி சித்தி தலையில்தான் விழும்.

ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கக்கூட இல்லை. இரண்டாவது தடவையும் அப்படியே. "அதான..." என்று பெரியம்மா ஆரம்பித்தார். சித்தி ஓர் அடி பின்னால் வைத்தார்.

அந்த ஓர் அடியைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "நாந்தான் பெரியம்மா கிளட்ச பட்டுன்னு விட்டுட்டேன். அன்னைக்கும் நாந்தான். அம்மா எதுக்க வந்ததால நான் விழுகல. பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர முறுக்கிட்டேன்."

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்: "இத அவ இருக்கறப்பவே சொல்லியிருக்கலாம்லடி?"



அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் நேற்றிலிருந்து குடைகிறது. கண்மாயில் இரண்டு தடவை நான் முறுக்கியதைப் பார்த்தவள் நீ. வண்டி சீறும் சத்தத்தை வைத்தே என் கை என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். அன்று தெருவிலும் அதே சத்தம்தானே கேட்டது? தெரிந்துகொண்டேதான் என்னைப் பார்த்தாயா? தெரிந்துகொண்டேதான் அத்தனை நாளும் கொல்லைக்குப் போனாயா? நான் சொல்லிவிடுவேன் என்று எத்தனை நாள் காத்திருந்தாய் அம்மா?

மூன்றாவது தடவை கிளட்சை மெல்ல மெல்ல விட்டேன். வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கியது. பத்தடி போய் நிறுத்தி, சித்தியைப் பின்னால் ஏறச் சொன்னேன். ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டு உன்னைப் போலவே பின்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். புளியமரத்து முக்குத் திரும்பியதும் என் கட்டைவிரல் பழக்கத்தில் ஹாரனுக்குப் போனது. சித்தி என் முதுகில் சாய்ந்திருந்தார். விரலை எடுத்துக்கொண்டேன்.

இன்று எனக்கு லீவு. நாளைக் காலை ஆறேகாலுக்குச் சித்தியைக் கொல்லைக்குப் போக விடமாட்டேன். அவர் எத்தனை தடவை மறுத்தாலும் வாசலில் எனக்கு எதிரே வந்து நிற்கச் சொல்வேன். அவர் முகத்தைப் பார்த்தபடி அவர் பக்கத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தி, சாப்பாட்டை வாங்கிக்கொண்டு கிளம்புவேன். எவ்வளவு நாள் செய்தாலும் அதில் ஒரு காலைகூட உன் கணக்கில் சேராது என்று தெரியும். அந்த முக்கில் இனி ஹாரன் அடிக்க மாட்டேன். மாடு வழிமறித்தால் மட்டும், யார் திரும்பிப் பார்த்தாலும் சரி, அடிக்கிறேன்.

கொல்லைப்புறத்திலிருந்து உன்னை ஒரு நாளும் திரும்பக் கூப்பிடாத உன் மகள்,
புவனா