இரண்டாம் தரம் போட்ட வால்நட்சத்திரம்

ஏற்காடு
19-4-1997

அன்பு மகள் லூர்துசெல்விக்கு அம்மா எழுதுவது. வால்நட்சத்திரத்தைப் பார்த்து நான் உனக்கு எழுதி அனுப்பியதெல்லாம் தப்பு. மேகமும் இல்லை, மூடுபனியும் இல்லை, என் வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி பதறாமல் மற்றதைப் படி. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உண்டு உறங்கி நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அந்த ஜபல்பூர் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு நோவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே ஜெபமாலையில் கடைசி வேண்டுதல். பாஸ்குத் திருநாள் முடிந்ததும் நல்ல மழை ஒன்று இறங்கியது, காப்பி பூத்துவிட்டது, கொட்டச்சேடு ரோட்டில் பஸ்ஸில் போனால் கண்ணை மூடிக்கொண்டே எந்த எஸ்டேட் என்று வாசனையில் சொல்லிவிடலாம். இப்போது எனக்கு அது நல்ல வசதிதான்.

நீ நட்சத்திரப் படம் வரைந்து அனுப்பி, எங்கள் பள்ளிக்கூடத்தில் வால்நட்சத்திர வெளிச்சத்துக்குப் பல ஊர்க் கணக்கைத் தொகுக்கிறோம் அம்மா, ஏற்காட்டு இருட்டு எங்களுக்குக் கிடைக்காது, உங்கள் கண் தராசு மாதிரி, நீங்களும் பார்த்து எழுதுங்கள் என்று கேட்டாய் அல்லவா, எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். நீ சொன்ன முறையும் எனக்குப் புதிதாக இல்லை. இதைவிட மங்கல், அதைவிட வெளிச்சம் என்று தெரிந்த இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் வைத்துப் பார்க்கச் சொன்னாய். நான் கடையில் காப்பிக் கொட்டை தரம் பார்ப்பதும் அப்படித்தானே, ஒரு பக்கம் நல்ல சாம்பிள், ஒரு பக்கம் மட்டமான சாம்பிள், நடுவில் வந்த சரக்கு. எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் என்று நீ எழுதியதைப் படித்து அப்பா குழம்பிப்போனார், எஸ்டேட்டில் இத்தனை வருஷம் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவருக்கு இது எந்த ஊர்க் கணக்கு என்றே பிடிபடவில்லை. நான்தான் சொன்னேன், முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என்று. பூஜ்யத்துக்கும் கீழே மைனஸ் என்று ஒன்று எழுதியிருந்தாயே, அது மட்டும் எனக்கும் கொஞ்சம் இடறியது, பிறகு ஏலத்துக்குத் தனியாக எடுத்து வைக்கிற சரக்கு போல என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து கோவிலை விட்டு வந்தவர்கள் எல்லாம் வடமேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று ஆரம்பித்தேன். நம் கடைக்குப் பின்னால் கொட்டை காயப்போடுகிற களம் இருக்கிறதே, அங்கிருந்து மேட்டூருக்கும் தருமபுரிக்கும் நடுவில் வானம் மறைவில்லாமல் தெரியும், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய் நின்றால் போதும். சாம்பிள் பார்க்கிற பழக்கத்தில் இடது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பேன். எனக்குத் தெரிந்தது ஏதோ சாணம் மெழுகின தரையில் சுண்ணாம்பு ஈஷின மாதிரி ஒரு மங்கல். இரண்டாம் தரம் என்று எழுதினேன். ஒருநாள் மூன்றாம் தரம் என்றுகூடப் போட்டேன். நீ பதில் எழுதினாய், அம்மா உங்களைத் தவிர எல்லோரும் முதல் தரத்துக்கும் மேலே போடுகிறார்கள், வாலைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, மலையில் பனியா என்று. எனக்குச் சுருக்கென்றது. சரக்கு விற்கிறவன் எவன் தன் சரக்கைக் குறைத்துச் சொல்லுவான், அவரவர் ஊரில் நன்றாகத் தெரிகிறது என்று ஏற்றிப் போடுகிறார்கள், நான் ஒருத்திதான் உள்ளதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உன்மேல்கூட ஒருநாள் முழுக்கக் கோபம் இருந்தது, அதனால்தான் உடனே பதில் போடவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் கடையில் நடந்த ஒன்றை உனக்கு எழுதாமல் விட்டிருந்தேன், இப்போது அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். மாரமங்கலம் மாதையனும் அவன் பெண்டாட்டி கண்ணாயியும் வருஷா வருஷம் கொட்டையை நம்மிடம்தான் போடுவார்கள், உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்குப் பலாப்பழம் சுமந்துகொண்டு வந்தார்களே அவர்கள்தான். அவர்கள் போடுகிற இடத்தில்தான் அந்த ஊரே போடும். இந்த வருஷம் மாசிக் கடைசியில் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் ஒரு பிடி எடுத்துத் தொலி உரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், நல்ல கொட்டை என்றால் நீலம் பாய்ந்து இருக்க வேண்டும், இது பழுத்துப்போய் மஞ்சளாகத் தெரிந்தது. நீலம் இல்லை, காயப்போடுவதில் கெடுத்துவிட்டீர்கள், இரண்டாம் தரம்தான் என்று சொன்னேன். கண்ணாயி விடவில்லை. “ஏனுங்கக்கா, களத்துல நானே வெயிலுக்கு வெயிலு கெளறி உட்ட கொட்டைங்க. இதுல நீலம் இல்லீன்னா அப்புறம் ஆகாசத்துலதான் போயித் தேடோணும்” என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை, தேடிக் கொண்டு வா, அதுக்கும் விலை போடறேன் என்றேன். மாதையன் மூட்டையைத் தூக்கி மறுபடி பஸ் மேலே போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு மாரமங்கலத்திலிருந்து ஒரு மூட்டையும் நம் கடைப் படி ஏறவில்லை. தலையில் ஆரஞ்சுக் கூடையை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்த வியாபாரம் இது, என்னிடம் முதலும் இல்லை படிப்பும் இல்லை, கண் ஒன்றுதான் இருந்தது. தெரசம்மாள் பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேச்சில்தான் கடை நிற்கிறது. அந்தப் பேச்சு போனால் நாளைக்கே பூட்ட வேண்டியதுதான்.

போன வாரம் கண்ணாயி போன வருஷம் விட்டுப்போன தன் காலிச் சாக்குகளை வாங்கிப்போக வந்தாள். கணக்கைத் தீர்த்துக்கொள்ளுகிற மாதிரி முகம். அவள் ஊர் பஸ் அன்றைக்குத் தாமதம், இருட்டத் தொடங்கிவிட்டது, நான் களத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவளும் பின்னால் வந்து நின்றாள். டீக்கடையில் பேசிக்கொள்வதைச் சொன்னாள், வால் முளைத்தால் ராசாவுக்கு ஆகாதாம், அதனால்தான் டெல்லியில் சர்க்கார் கவிழ்ந்ததாம். பிறகு தன்பாட்டுக்கு, “ரெண்டு வாலு நொம்ப அழகா இருக்குதுங்க, ஒண்ணு வெள்ளையா அகலமா, ஒண்ணு அக்கட்ட தள்ளி நீலமா நூலாட்டம்” என்றாள். நீலமா, எங்கே இருக்கிறது நீலம் என்று கேட்டேன். அவள் கை நீட்டிக் காட்டினாள். நான் இடது கண்ணை இடுக்கிப் பார்க்கிறேன், வாலே தெரியவில்லை. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “என்ர கொட்டையிலயும் இப்படித்தானுங்க நீலம் இல்லீன்னு சொன்னீங்க” என்றாள். குத்திக் காட்டுகிற மாதிரிகூட இல்லை, ஏதோ காணாமல் போன சாமானைக் கண்டுபிடித்தவள் மாதிரி சொன்னாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது, சாக்கை மறந்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் விடிந்ததும் கடையைத் திறந்து, நல்ல சரக்குக்கு அளவாகக் கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேனே அந்தக் கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கண்ணை மூடினால் மஞ்சள். வலது கண்ணை மூடினால் நீலம். மாற்றி மாற்றிப் பார்த்தேன், அதே கொட்டை, அதே உள்ளங்கை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமல் இருந்திருக்கிறது, நடப்பது, சமைப்பது, ரூபாய் நோட்டைப் பார்ப்பது எதிலும் குறை இல்லை. சரக்கைப் பார்க்கும்போது மட்டும் நல்ல கண்ணை மூடிக்கொண்டு கெட்ட கண்ணால் பார்த்து வந்திருக்கிறேன், அதைத்தான் கெட்டிக்காரத்தனம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அப்பாவைக் கூப்பிட்டு இது என்ன நிறம் என்றேன். நீலம்தான், வேறென்ன என்றார். விஷயத்தைச் சொன்னதும் என் தோளில் கை வைத்து, “என்னையும் அந்தக் கண்ணாலயேதான் பாத்துட்டு இருந்தியா, அதுதான் ஊட்டுல எனக்கு எப்பவும் ரெண்டாம் தரம்” என்றார். சிரித்தேன், ஆனால் அவர் கை என் தோளைவிட்டுப் போகவில்லை.

அன்றே சேலம் போய்க் கண் டாக்டரைப் பார்த்தோம். வலது கண்ணில் நன்றாகப் புரை, இடதில் இப்போதுதான் ஆரம்பம், புரை வந்தால் நீல நிறம்தான் முதலில் மங்கும், மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்க்கிற மாதிரி என்றார். பழுக்கட்டும் என்று காத்திருக்கிற காலமெல்லாம் போய்விட்டதாம், உள்ளே வில்லை வைத்து விடுவார்களாம். மே மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன், காப்பி வேலை இல்லாத நாள், உனக்கும் லீவு. ஒன்று கவனித்தாயா கண்ணு, அந்த வால்நட்சத்திரம் மங்கல் என்று நான் எழுதினேனே தவிர, மங்குவது அதுவா நானா என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. எவ்வளவோ தூரத்தில் இருப்பதன் மேல் குறை சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. மாதையன் மேலும் அப்படித்தான் சொன்னேன், அவன் பத்தடி தூரத்தில்தான் நின்றான்.

டாக்டரைப் பார்த்து வந்த பிறகு எனக்கு வேறொரு யோசனை. விஷயத்தை வெளியே விடாமல், காப்பி விலை ஏறியிருக்கிறது, பழைய கொட்டையை முதல் தரமாகவே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு ஆளை அனுப்பினால் மாதையன் கொடுத்துவிடுவான், என் பேரும் நிற்கும். தெரசம்மாளுக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தால் மலை முழுக்க மட்டச் சரக்கெல்லாம் முதல் தரம் என்று வந்து நிற்கும், அந்தப் பயம் பொய்யில்லை. இரண்டு நாள் இதையே புரட்டினேன். ஆனால் கண்ணாயி ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டாளே. மூட்டையில் கிழிசல் இருந்தால் வாங்குகிறவன் பார்ப்பதற்கு முன்னால் நாமே திருப்பிக் காட்டிவிட வேண்டும், அதுதான் நான் கற்ற வியாபாரம். அவள் சாக்கையும் எடுத்துக்கொண்டு நேற்று பஸ் ஏறி மாரமங்கலம் போனேன். அவர்கள் வாசலில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள், எல்லோர் எதிரிலும் சொன்னேன், உங்கள் கொட்டையில் குறை இல்லை, என் வலது கண்ணில்தான் குறை, டாக்டரே சொல்லிவிட்டார் என்று. மாதையன் தலையைக் குனிந்துகொண்டான், அவனுக்குத்தான் வெட்கமாக இருந்தது போல. கண்ணாயிக்கு ஒரு வெட்கமும் இல்லை. “கண்ணு இப்படீன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க, தராசு எப்படீங்கக்கா, அதையும் ஒருக்கா பாத்தரலாமுங்களா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். நல்லவேளையாக மூட்டையை அவர்கள் வேறு யாருக்கும் விற்கவில்லை, சேலத்துத் தரகன் ஒருவன் இன்னும் குறைத்துக் கேட்டானாம். கரைத்துக் கொடுத்த கம்மங்கூழைக் குடித்துவிட்டு உட்கார்ந்து பேசினோம், அவள் என்னை ஒரு இடத்திலும் சும்மா விடவில்லை, என் எதிரே உட்கார்ந்து என்னைப் போலவே பேரம் பேசுகிறாள்.

நீ செய்ய வேண்டியது, நான் அனுப்பியதை எல்லாம் உன் கணக்கிலிருந்து அடித்துவிடு. அம்மா எழுதியது என்று மரியாதைக்காக வைத்துக்கொள்ளாதே, கெட்ட கொட்டையை நல்லதோடு கலந்தால் மூட்டை முழுக்க இரண்டாம் தரம் ஆகிவிடும். நேற்று இருட்டும் நேரம் அங்கேயே இருந்ததால், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். நிலா வெளிச்சம் இருந்தது, நீல வால் கண்ணாயிக்கே இப்போது தெரியவில்லையாம், ஆனால் வெள்ளை வாலை நானே பார்த்தேன். நீ படத்தில் போட்டிருக்கிற வடக்கத்தி மஞ்சள் நட்சத்திரம் அளவுக்கு வெளிச்சம் என்று நான் சொன்னேன், அதற்கு ஒரு நூல் கூட என்று கண்ணாயி சொன்னாள். அவள் சொன்னதையே எழுதிக்கொள். மாப்பிள்ளைக்கு என் வணக்கம் சொல், வெயிலில் குடை இல்லாமல் போகாதே, நீயும் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடு, சாமி. லீவு விட்ட அன்றே டிக்கெட் எடு, ஆபரேஷன் அன்று எனக்குப் பக்கத்தில் நீ வேண்டும், அப்பா பயந்துகொள்வார். தேவமாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

மாரமங்கலத்தில் பேசி முடித்தது இது. கொட்டை முதல் தரம், நேற்றைக்குச் சேலத்தில் என்ன விலையோ அந்த விலை, பஸ் கூலி என்னுடையது. என் கண் ஆறும் வரை அந்த ஊர்ச் சரக்குக்கு நிறத்தைக் கண்ணாயி சொல்லுவாள், ஈரத்தைப் பல்லில் கடித்து நான் சொல்லுவேன், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் மூட்டை தராசில் ஏறும். வால்நட்சத்திரம் மறைகிற வரைக்கும் அவளே பார்த்து பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவாள், நான் உனக்கு எழுதுவேன். அதற்குக் கூலி வேண்டாமாம், உன் கணக்கில் பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் மாரமங்கலம் மா. கண்ணாயி என்று முழுசாகப் போட வேண்டுமாம். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. தெரசம்மாள்