மூன்றை எட்டாக்கியது

ஜூன் 18, வியாழன். திருப்பதி

இன்று சொல்லாதது: அந்த 999-ஐ எழுதியது நான்.

மேகம். மழை இல்லை. ஆபீஸில் இரண்டு ஏசியில் ஒன்றுதான் ஓடுகிறது, அதுவும் மதுசூதன் சார் தலைக்கு மேல். (முழுப் பெயரை எழுதி மாளவில்லை. இனி ம.சா.)

மூன்றரைக்கு மாம்பழக்கூழ் ஆலையிலிருந்து போன். சித்தூர் தாண்டி இருக்கிற ஆலை. டிரம்மில் கூழ் நிரப்பும் லைனில் எங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டி, எங்கள் நிரல். லைன் பார்க்கும் முனிரத்தினம் அண்ணா ஸ்பீக்கரில்:

"சார், ஸ்க்ரீன்ல மேல 424, கீழ 999-ன்னு காட்டுது. 999 வந்தா இன்னா ஆவும்?"

ம.சா. நிரலைத் திறந்து பார்த்தார். மேலே நிரம்பிய டிரம் கணக்கு, கீழே வரம்பு. கணக்கு 999-ஐத் தொட்டால் ஓட்டம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு வால்வை மூடிவிடும். வால்வு மூடினால் குழாய்களின் கிருமிநீக்கம் கெட்டது. திரும்ப நீராவி விட்டுத் தயார் செய்ய எட்டு மணி நேரம். நிரலை நிறுத்திப் புதிதாகப் போட்டாலும் அதே வால்வு, அதே எட்டு மணி.

"எட்டு மணி நேரமா? ரோட்ல டிராக்டருங்க நின்னுக்கினு கீது சார். வெயில்ல பழம் தண்ணி வுட்டுரும். ரைத்துங்க என்னையே மெஷின்ல போட்டு அரைச்சிருவாங்க." ரைத்து என்றால் விவசாயி.

மணிக்குப் பன்னிரண்டு டிரம். சனிக்கிழமை மூன்றரை வாக்கில் 999.

போனை வைத்ததும் ம.சா.: "எவடு ராசாட்ரா இதி?" எவன்டா இதை எழுதினது என்று. யாருக்கும் தெரியாது. பழைய கோப்புகளைப் புது சர்வருக்கு மாற்றியபோது எழுதியவர் பெயர்கள் போய்விட்டன, எல்லாவற்றிலும் இப்போது ம.சா. பெயர். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எழுதியது. லேபிள் ஸ்டிக்கரில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம். அதனால் 999. அப்போதெல்லாம் இரண்டு நாளுக்கு ஒரு தடவை லைனை நிறுத்திக் கழுவுவார்கள். புது ஸ்டெரிலைசர் வந்தபின் முதல் தடவையாக இப்போது நான்கு நாளுக்கு மேல் ஓட்டுகிறார்கள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சொன்னது இது மட்டும்: "நிரல் ஓடும்போதே மெமரில மாத்தலாம் சார்."

"அது கான்ஸ்டன்ட்மா. ரீட்-ஒன்லி. ஓஎஸ்ஸே உள்ள விடாது."

"விடும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? ரேப்பு ஸ்பேர் பெட்டில காட்டு." நாளைக்கு என்று பொருள். நாளை காட்ட வேண்டும்.

ஜூன் 19, வெள்ளி

காலை ஹாஸ்டலில் இட்லி, கல். எட்டு மணிக்கே ஆபீஸ்.

ஸ்பேர் பெட்டியில் அதே பழைய கர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி, மெமரிக்குக் காவல்), அதே நிரல். ஓடவிட்டேன். நிரலுக்கு வெளியே இருந்து அதன் மெமரியைப் படிக்க வேண்டும். ஒரு பிராசஸ், அதாவது ஓடும் நிரல், இன்னொன்றின் மெமரியைத் தானாகப் பார்க்க முடியாது. கர்னலைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு நேரான ஓர் அழைப்பு இருக்கிறது. எந்த முகவரியில் எது என்பதையும் கர்னலே ஒரு பட்டியலாகக் கொடுக்கிறது. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் முகவரி மாறும், அதனால் பட்டியலை அப்போதைக்கப்போது பார்க்க வேண்டும்.

படித்தேன். E7 03 00 00. அதுதான் 999, சின்ன பைட் முன்னால்: E7 என்றால் 231, 03 என்றால் மூன்று 256. ஓடும் நிரலுக்குள் என் பழைய தவறு, நான்கு பைட்டில். ஊரில் பழைய பள்ளி நோட்டைத் திறந்தது போல முகம் சூடானது.

எழுதினேன். பிழை. "பேட் அட்ரஸ்."

எல்லா உரிமையும் உள்ள ரூட்டாக இருந்தும். இப்போதுதான் படித்த அதே முகவரி!

ம.சா. நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார். "செப்பானு கதா?" சொன்னேன் இல்லையா என்று ஒரு தடவை. காபி குடிக்கப் போகும்போது இன்னொரு தடவை.

மதியம் சாப்பிடவில்லை. கர்னல் மூலநிரலை எடுத்துப் படித்தேன். நாவல் படிப்பதுபோல, அடுத்து என்ன என்று. எனக்கு விளங்கியதை எழுதி வைக்கிறேன், மறந்துவிடுவேன்:

- முதலில், கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பார்க்கிறது.
- பிறகு பக்கம் பக்கமாகப் போகிறது. அந்த பிராசஸின் அட்டவணையில் முகவரியைத் தேடி, நிஜ மெமரியில் அது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறது. பக்கம் அங்கே இல்லாவிட்டால் வரவழைக்கிறது.
- நகராமல் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதே பக்கத்தைத் தன் சொந்த முகவரி ஒன்றின் வழியாகப் பார்க்கிறது. நகலெடுக்கிறது. விடுகிறது.

"படிக்க மட்டும்" என்ற தடை அந்த பிராசஸின் அட்டவணையில்தான் இருக்கிறது. மெமரிக்கு எந்தத் தடையும் கிடையாது. பூட்டு கதவில். கர்னல் வருவது வேறு கதவு. இருந்தும் நான் கேட்ட அழைப்பில் கர்னல் அந்தப் பூட்டை மதிக்கிறது, மரியாதைக்காக.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது! ஒவ்வொரு பிராசஸின் மெமரியையும் கர்னல் ஒரு கோப்பு போலவும் காட்டுகிறது. பிழை தேடும் டீபக்கர்கள் நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்க இதைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் எழுதினால் கர்னல் வற்புறுத்தி எழுதும். படிக்க மட்டும் உள்ள பக்கத்தை நகலெடுத்து, அந்த பிராசஸுக்கு மட்டும் தனியாகக் கொடுத்து, நகலில் எழுதும். வட்டில் உள்ள மூலக் கோப்பு அப்படியே இருக்கும்.

நான்கு மணிக்கு எழுதினேன். பிழை இல்லை. ஸ்பேர் பெட்டியின் திரையில் 999 இருந்த இடத்தில் 9999. நிரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

ம.சா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "மள்ளீ செய்யி" என்றார். திரும்பவும் செய்தேன். பத்துத் தடவை. பத்தும் சரி.

"நீயே போ" என்றார். நீயே!

கொண்டு போக: லேப்டாப், நெட்வொர்க் கேபிள் 2, ஸ்பேர் பெட்டி, தலைக்குத் துணி, சித்தூர் வீட்டில் நைனாவுக்கு லட்டு (அவர் கேட்கமாட்டார், ஆனால் பையைப் பார்ப்பார்).

999 யாருடையது என்று இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 20, சனி. சித்தூர்

ஏழு மணி பஸ். காணிப்பாக்கம் போகிற கூட்டம், நின்றுகொண்டே சந்திரகிரி வரை. பூதலப்பட்டு தாண்டும்போதுதான் தோன்றியது.

9999 என்றால் 0F 27. இரண்டு பைட்டும் மாற வேண்டும். கர்னல் நகலெடுக்கும்போது நிரல் நிற்பதில்லை. முதல் பைட் மாறி இரண்டாவது மாறாத ஒரு கணத்தில் நிரல் பார்த்துவிட்டால்? 0F 03. அது 783. டிரம் கணக்கு அதற்குள் 950 தாண்டியிருக்கும். வரம்பு தாண்டியது என்று வால்வை மூடிவிடும். ஸ்பேர் பெட்டியில் பத்துத் தடவை சரியாக வந்ததற்குக் காரணம், அங்கே டிரம் கணக்கு வெறும் 6. ஆலையிலும் அநேகமாகச் சரியாகவே வரும். அநேகமாக என்ற சொல்லை வைத்துக்கொண்டு டிராக்டர்களுக்கு முன்னால் நிற்க முடியாது.

பஸ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். E7-ஐத் தொடவே வேண்டாம். 03-ஐ மட்டும் 08 ஆக்கினால் போதும். E7 08. 2279. ஒரே பைட். ஒரு பைட் பாதி மாறாது.

வாழ்க்கையில் இதுவரை எனக்குத் தோன்றியவற்றில் இதுதான் அழகானது. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் சொல்ல வாய் வரை வந்தது. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆலை வாசலில் டிராக்டர்கள், பழ வாசனை, ஈ. வெயிலில் ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் படுத்திருந்தார்கள். உள்ளே திரையில் 952.

முனிரத்தினம் அண்ணா என்னைப் பார்த்துவிட்டு என் பின்னால் பார்த்தார். "சார் வர்லியா? நீ மட்டுமா?"

"நான் மட்டும்தாண்ணா."

"துன்னியா?"

"அப்புறம்."

லேபிள் ஒட்டும் தரப்பிரிவு கலாவதி அக்காவைக் கூப்பிட்டேன். மாறப்போவது டிரம் எண்ணிக்கை வரம்பு மட்டும், கிருமி கொல்லும் சூட்டு வரம்பு எதையும் தொடமாட்டேன் என்று பதிவேட்டில் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சூட்டு வரம்பாக இருந்தால் யார் சொன்னாலும் தொட்டிருக்க மாட்டேன்.

பட்டியலில் முகவரி பார்த்தேன். படித்தேன்: E7 03 00 00. மூன்று தடவை படித்தேன். அண்ணா அவசர நிறுத்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஏன் என்று அவருக்கும் தெரியாது.

12.10. எழுதினேன்.

திரையில் 960, கீழே 2279. கூழ் ஊற்றும் சத்தம் அப்படியே.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிதுண்ணா."

"இவ்ளோதானா! அது இன்னாத்துக்கு 2279? ராசியா?" விரல் விட்டுக் கூட்டினார். "ரெண்டு வர்து. பர்வால்ல."

உண்மையான சோதனை 999-இல்தான். காத்திருந்தோம். கேன்டீனில் தயிர்சாதம். மூன்றேகாலுக்கு லைனுக்குப் பக்கத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர். 997. 998. 999. வால்வு திறந்தது. கூழ் விழுந்தது. 1000.

அண்ணா கைதட்டினார். லேபிள் பிரின்டரிலிருந்து வந்தது 000. கலாவதி அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோட்டுப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து முன்னால் ஒரு 1 போட்டார். "இனிமே நெத்திக்குப் பொட்டு வெக்கிறாப்ல ஒவ்வொண்ணுக்கும் நானே வெக்கணுமா, தாயே?"

வாய்விட்டுச் சிரித்தேன். லேபிளை நான் மறந்தே போயிருந்தேன்.

சாயந்திரம் வீட்டில் நைனாவிடம் சொன்னேன். அவர் சப்ஸ்டேஷனில் வேலை. முழுக்கக் கேட்டுவிட்டு, "கரென்ட் இருக்கசொல்லவே கை வெச்ச. எவன் வுட்டான் உன்ன?" என்றார். அப்புறம் பக்கத்து வீட்டு மாமாவிடம் போனில் அதையே வேறு குரலில் சொல்லிக்கினு இருந்தார். கேட்காதது போலப் படுத்திருந்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

சர்ச். பிரசங்கத்தில் பாதி கேட்கவில்லை. பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கலாவதி அக்கா, ஒரு படம்: கை முழுக்க மார்க்கர் மை.

சாயந்திரம் ஆறரைக்குக் கடைசி டிராக்டரும் இறக்கியாயிற்று. 1324-இல் அவர்களாகவே நிறுத்தினார்கள்.

ஜூன் 22, திங்கள்

ம.சா.வும் ஆலைக்கு வந்தார். லைனைக் கழுவி முடித்திருந்தார்கள். புது நிரலைப் போடுமுன் பழையதையே ஒரு தடவை தொடங்கிப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். சும்மா, என்றேன்.

திரையில் 0, கீழே 999.

கர்னல் கொடுத்த நகல் அந்த பிராசஸோடு போய்விட்டது. கோப்பில் என் பழைய 999 அப்படியே இருக்கிறது.

"அந்த 999 நான் எழுதினது சார். முதல் வருஷம்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வியாழக்கிழமையே சொல்லியிருந்தா உன்னைப் பெட்டி பக்கமே விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும் சார்."

"ம். இப்ப போடறதுல உன் பேரைப் போடு."

போட்டேன். வரம்பு 9999, லேபிளில் நான்கு இலக்கம். இரண்டே முக்காலுக்கு லைன் தொடங்கியது. முதல் டிரம்மின் லேபிள் 0001.