வதனி தேர்ந்த சட்டக்கல்லூரி

12.8.1968

ஒரு பெண் சட்டம் படித்து அப்புக்காத்தானால் யார் அவளிடம் வழக்குக் கொடுப்பார்கள்? எனக்குத் தெரியவில்லை.

அண்ணையின் மகள் வதனி சட்டம் படிக்கப் போகிறாள். சட்டக்கல்லூரி இருக்கிற கொழும்பு என்றால் அண்ணைக்குப் பயம். உறவினர் இருக்கிற மெட்ராசுக்குப் போகட்டும் என்கிறார். அவளோ விடுமுறை முழுவதும் பருத்தித்துறை நீதிமன்ற வாசலில் இருந்து விசாரித்திருக்கிறாள்.

"சீதனக் காணி வழக்குக்கு வாற பெண்டுகள் புருசன்மாரைப் பற்றி அப்புக்காத்தரிட்டைக் கதைக்க வெக்கப்படுகினம், மாமி. என்னட்டை எல்லாம் சொல்லிச்சினம். அந்த வழக்குகள்தான் என்ரை பிழைப்பு. சீதனம், காணிக்கெண்டு இருக்கிற எங்கடை தேசவழமைச் சட்டத்தை மெட்ராசிலை ஆர் படிப்பிக்கிறது?"

"உவள் இப்பவே வழக்காடுறாள்," என்றார் அண்ணை.

இப்படி விசாரித்துப் படிப்பைத் தேர்ந்த ஒருவரையும் நான் படித்த காலத்தில் பல்கலைக்கழகத்தில் கண்டதில்லை. அண்ணை மட்டும் இன்னும் ஓம் சொல்லவில்லை.

13.8.1968

அண்ணை கொழும்பு றெயிலுக்கு இரண்டு சீட்டு எடுத்து வந்தார். ஒன்று தனக்காம்.