உன் பழைய கார்டில் யாருக்கும் முகம் இல்லை

அன்புள்ள கார்த்தி அண்ணனுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் மறைக்க மாட்டேன், அழகுக்காக எதையும் சேர்க்கவும் மாட்டேன். உன் வருஷத் திதிக்கு உன் கூட்டாளிகள் பஞ்சு மார்க்கெட் முக்கில் வைத்த பிளக்ஸில் ‘அமைதியின் சிகரமே’ என்று போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேமில் தோற்ற ஆத்திரத்தில் நீ கீபோர்டைச் சுவரில் அடித்தாயே, பொத்தான்கள் தெறித்து என் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தனவே, அந்தச் சிகரமா?

பிளக்ஸில் சிரிக்கிறவனை எனக்குத் தெரியாது. அவனுக்கு நான் எப்படிக் கடிதம் எழுதுவது? நான் உனக்குத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் நடந்ததை உன் கூட்டாளி மணிகண்டன் அண்ணன் என்னிடம் முழுசாகச் சொல்லிவிட்டான். சேகரின் பைக் உன் பைக்கை உரசியது. நீ இறங்கிப் போய் அவன் கன்னத்தில் அறைந்தாய். அவன் கரும்பு ஜூஸ் வண்டிக்கு அடியில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்தான். முதல் அடியிலேயே நீ விழுந்துவிட்டாய். விழுந்த பிறகும் உன் தலையில் அடித்தான். நீ முதலில் கை நீட்டியதும் உண்மை, அவன் விழுந்தவனை அடித்ததும் உண்மை. அம்மாவுக்கும் இரண்டும் தெரியும். “அறைஞ்சா அறைஞ்சான். அதுக்கு மண்டையப் பொளக்கிறதா?” என்கிறாள்.

சேகர் இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். வக்கீலைப் பார்க்கப் போனபோது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தோம். டீ குடித்துக்கொண்டிருந்தான். அம்மா கடைப் பலகையில் இருந்த சூடான கிளாஸ் ஒன்றை எடுத்து அவன் மேல் எறிந்தாள். தோளில் பட்டு உடைந்தது. அவன் ஓடிப்போய்க் கிளம்பிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டான். அம்மா பஸ்ஸின் தகரத்தில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டே கூட ஓடினாள். “எறங்குலே! எம்புட்டுத் தைரியம் இருந்தா நீ டீ குடிப்ப?” வளையல் உடைந்து அவள் மணிக்கட்டில் ரத்தம் வழிந்தது.

அதற்குப் பிறகு தினமும் பின்பக்கத் துவைகல்லில் அருவாள் தீட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. கேட்டால் தேங்காய் வெட்ட என்பாள். நம் வீட்டில் தென்னை மரம் எங்கே இருக்கிறது, நீயே சொல்லு. தீட்டி முடித்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவாள். நீ போய்விட்டாய். அம்மாவும் ஒருத்தனை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனால் நானும் அப்பாவும் என்ன ஆவோம்? பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் எனக்கு அந்தச் சத்தம்தான் காதில் விழுந்தது.

இந்த நேரத்தில்தான் உன் கம்ப்யூட்டர் நடுவில் வந்தது. உனக்கே தெரியும், எனக்குப் புத்தகம் போதும், துப்பாக்கி கேம் பிடிக்காது. ஒரு நாள் சாயங்காலம் உன் ஞாபகம் தாங்காமல் அதைத் திறந்து சும்மா விளையாடினேன். அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“யாருட்டி அவன்?”

“எதிரிம்மா.”

“அப்பொறம் என்ன பாத்துக்கிட்டு நிக்க? சுடு.”

சுட்டேன். அவன் சுருண்டு விழுந்தான். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இன்னொருத்தன் வாரான் பாரு, செவத்துக்கு அந்தப் பக்கம். அவந்தான் சேகரு. விடாத!” அன்றைக்கு வந்த எல்லோருக்குமே பெயர் சேகர்தான். அன்றைக்கு அருவாள் டிரம்முக்குப் பின்னால் இருந்து வெளியே வரவே இல்லை.

ஆகவே தினமும் விளையாடினேன். பரீட்சைக்கு முந்தின நாள்கூட விளையாடினேன். படத்தைத் திரையில் வரைகிற உன் கிராபிக்ஸ் கார்டு பழையது இல்லையா, எல்லாவற்றையும் ஆகக் குறைந்த செட்டிங்கில் வைத்தால்தான் கேம் நகரும். அதனால் வருகிற ஆட்களுக்கு முகமே இருக்காது. பிசைந்து வைத்த மாவில் இரண்டு பள்ளம் போட்ட மாதிரி இருக்கும். அந்த மாவில் அம்மா சேகரைப் பொருத்திக்கொண்டாள். “மண்டையில அடி, மண்டையில அடி” என்று தன் தொடையிலேயே குத்துவாள். நான் சுட்டுக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் வர ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் இருட்டாகிப் பெட்டி தானாக நின்றுவிடும். நின்றதும் அம்மா எழுந்து பின்பக்கம் போவாள். நான் இங்கே ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருப்பேன், அங்கே கல்லில் இரும்பு உரசும்.

மில் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா ஒரு நாள் கடப்பாரையைத் தூக்கிவிட்டார். “இந்தப் பெட்டிதான் எம்மவனுக்கு அடிக்கப் படிச்சுக் குடுத்துச்சு. இப்ப ஒன்னையும் கெடுக்குது!” அம்மா பாய்ந்து அவர் கையைக் கடித்தாள். நிஜமாகவே கடித்தாள் அண்ணே, பல் பதிந்துவிட்டது. கடப்பாரை தரையில் விழுந்து சிமெண்ட் பெயர்ந்தது. “எம்புள்ள தொட்ட சாமான் மேல கை வச்சா ஒங்களையும் வெட்டுவேன்” என்றாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நீ பார்த்ததில்லை அல்லவா?

புது கார்டு போடலாமா வேண்டாமா என்று நான் யோசித்ததெல்லாம் இப்படித்தான். மற்றவர்கள் கேம் நன்றாக ஓடுமா என்று பார்ப்பார்கள். நான் அம்மா கையில் அருவாள் ஏறாமல் இருக்குமா என்று பார்த்தேன்.

மணிகண்டன் அண்ணன் பைக்கில் பெட்டியை ரஹ்மான் பாயின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனான். நானும் அம்மாவும் பின்னாலேயே ஆட்டோவில் போனோம். பாய் மூடியைக் கழற்றியதும் சாம்பிராணி வாசம் கடை முழுக்க அடித்தது. உன் போட்டோவை அந்தப் பெட்டியின் மேல்தானே வைத்திருக்கிறோம். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சாம்பிராணி போட்டு, திருநீற்றையும் ஒரு சிட்டிகை தூவுவாள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே போடுவாள், அப்போதுதான் நீ விழித்திருப்பாயாம். புகை முழுவதையும் ஃபேன் உள்ளே இழுத்துக்கொண்டு, அதன் இறக்கையெல்லாம் பிசுபிசுவென்று கருத்துப்போய், மேலே திருநீறு அப்பியிருந்தது.

“என்னக்கா, உள்ள ஒரு கோயிலே கட்டி வச்சிருக்கிய?” என்றார் பாய்.

“மூச்சு முட்டிருச்சா அவனுக்கு?” என்று அம்மா கேட்டாள். பாய்க்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் என்னிடம் தனியாகப் பொறுமையாக விளக்கினார். “பாப்பா, தொடச்சு, சூடு எறக்குத பேஸ்ட்ட மாத்தித் தாரேன். ஆனா இது வயசான கார்டு, என்னைக்கு வேணும்னாலும் படுத்துக்கும். புதுசு போட்டா படம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒன் பிராசசர் பழசு, அது கொஞ்சம் மூச்சு வாங்கும், பரவால்ல. செத்த நேரம் புதுசப் போட்டுக் காட்டுதேன், பாத்துட்டுச் சொல்லு.”

புது கார்டைப் பொருத்தி கேமைத் திறந்தார். கேமுக்குள் இருந்த அந்த ஊரே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. சுவரில் காரை பெயர்ந்திருப்பது தெரிந்தது. சந்து முனையில் இருந்து ஒருத்தன் வந்தான். அவனுக்கு முகம் இருந்தது. நெற்றியில் வேர்வை. உதட்டுக்கு மேல் இப்போதுதான் அரும்புகிற மீசை. சட்டைக் காலரில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது.

“சுடுட்டி,” என்றாள் அம்மா, பழக்கத்தில்.

சுட்டேன். அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு, பக்கவாட்டில் சரிந்தான். விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்தது. கண் மூடவில்லை. எங்களைப் பார்த்தபடியே கிடந்தான்.

அம்மா கத்தினாள். கடைக்கு வெளியே ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். “எந்திரிக்கச் சொல்லு! ஏட்டி, அவன எந்திரிக்கச் சொல்லுட்டி!” மவுஸைப் பிடுங்கி எறிந்தாள். மானிட்டரில் ஓங்கி அறைந்தாள். என் கன்னத்திலும் அறைந்தாள், காதுக்குள் ரீங்காரம் போட்டது. பாயும் மணிகண்டன் அண்ணனும் சேர்ந்து பிடித்துத்தான் உட்கார வைக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைத் துணி விலக்கிக் காட்டியபோது நீயும் கண்ணைத் திறந்தபடிதான் கிடந்தாய். அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“பழசையே தொடச்சுப் போட்டுரட்டா பாப்பா?” என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். பழைய கார்டு என்றால் மாவு முகம் வரும். அம்மா மறுபடி சேகர் சேகர் என்று தொடையில் குத்துவாள், அருவாள் சும்மா இருக்கும். இப்படித்தான் அதுவரை நம்பினேன். ஆனால் சும்மாவா இருந்தது? நான் ஒவ்வொருத்தனாகச் சுடும்போது அம்மாவின் வலது கை மேலே போய்க் கீழே இறங்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேகமாக இறங்கியது. நான் அவள் கோபத்தை ஆற்றினேனா, இல்லை அவள் கையைப் பழக்கினேனா?

“புதுசே இருக்கட்டும் மாமா,” என்றேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பெட்டி வீட்டுக்கு வந்தது. அம்மா உன் அறைக்குள் வரவே இல்லை. துவைகல் சத்தமும் இல்லை. அதைவிட அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு வாய்தா நாள் வந்தது. காலையில் டிரம்முக்குப் பின்னால் பார்த்தேன், அருவாள் இல்லை. அப்பா முன்னாலேயே வக்கீலிடம் போய்விட்டார். அம்மாவின் வயர் கூடையில் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் பழைய துண்டால் சுற்றி ஒன்று நீளமாக இருந்தது. “நான் தூக்கியாறேன்மா,” என்றேன். “கைய எடு,” என்றாள். ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பஸ்ஸில் அவள் மடியில் அந்தக் கூடை, கூடையின் காதில் என் விரல்.

கோர்ட் வாசலுக்கு எதிரே மரத்தடியில் சேகர் தனியாக நின்றான். அம்மா நேராக அவனிடம் போனாள். கை கூடைக்குள் இறங்கியது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினேன். முழங்கையால் என் வாயில் இடித்தாள், உதடு கிழிந்து உப்புக் கரித்தது. நான் விடவில்லை. சத்தம் கேட்டு அவன் திரும்பினான். ஓடவில்லை. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அப்படியே குத்தவைத்துவிட்டான்.

அம்மா அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. அவள் கை கூடைக்குள் இருந்து வெளியே வந்தது. வெறும் கை. அந்தக் கையால் அவனை அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். முடியைப் பிடித்து முகத்தைத் தூக்கி, “எம்மூஞ்சியப் பாருலே! பாரு! நான் கார்த்தி அம்மா!” என்று அறைந்தாள். போலீஸ்காரர் வந்து இழுக்கும்வரை அறைந்தாள். அவன் மூக்கில் ரத்தம் வந்தது. கையை ஓங்கவே இல்லை, அழுதான். எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை அண்ணே. அதையும் உண்மையாகவே எழுதுகிறேன்.

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி சுற்றி, தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மில்லுக்குக் கொண்டுபோய் அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் உதட்டை முந்தானையால் ஒற்றினாள். “வலிக்குதாட்டி?” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அந்தக் கடையில ஒருத்தன் விழுந்தான்ல, கண்ணத் தொறந்துக்கிட்டு. அவந்தான் குறுக்க வந்து நின்னான். வெட்டக் கை ஓடல,” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “அதுக்காக இவன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுராத. கூண்டுல ஏறி ஒவ்வொரு அடியா சொல்லுவேன்,” என்றாள்.

உன் கேமை அழித்துவிட்டேன். கோபப்படாதே, பட்டாலும் உடைக்க உன் கையில் கீபோர்டு இல்லை. அடுத்த வாய்தாவுக்கும், அதற்கு அடுத்ததற்கும், தீர்ப்பு வருகிற நாள் வரைக்கும் நான் அம்மாவோடு போவேன். அவள் வலது கைப் பக்கமாகவே நிற்பேன். சத்தியம். “அண்ணனுக்கு எழுதுனது போதும், அவனும் ஒறங்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே வந்து லைட்டை அணைத்துவிட்டாள். கடைசி வரியைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

உன்னிடம் குட்டு வாங்கிய ஒரே தங்கச்சி,
கயல்